கூரையில் புகையைக் காணோம்

தேங்காய்ப்பால் ஊற்ற மூடியைத் திறந்ததுதான் வினையாகப் போயிற்று. அதுவரை கரண்டுச் சட்டி பூனை மாதிரி மூலையில் கிடந்து, கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் தன்பாட்டுக்கு வேகவைத்துக்கொண்டிருந்தது. திறந்த மாத்திரத்தில் மசாலா மணம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது.

மாடில்டாவின் நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஸ்லோ குக்கர் அது. எண்பத்தாறில் அந்த எஸ்டேட்டில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. விடியலில் காயை நறுக்கிப் போட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால், மத்தியானம் திரும்பும்போது கறி வெந்திருக்கும். ஆனால் அவள் அதை வைத்திருந்தது சொகுசுக்காக இல்லை. ஆறு வயது மகள் மவுரீனுக்கு இழுப்பு. விறகுப் புகை பட்டால் போதும், பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். மண்ணெண்ணெய் வாடையும் ஆகாது. முற்றிவிட்டால் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுன் கிளினிக்குக்கு ஓட வேண்டும்.

போன மாதம் யாரோ இஸ்திரிப்பெட்டியைச் சொருகி எஸ்டேட் கரண்டே செத்துப்போனது. அன்றிலிருந்து எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமலதாஸ் ஒற்றைக்காலில் நின்றார். விளக்கு, ரேடியோ தவிர வேறு எது சொருகினாலும் அந்த வீட்டுக்குக் கரண்டை வெட்டிவிடுவாராம். வெட்டினால் மறுபடி விறகடுப்புதான்.

வெளியே கிராணியின் குரல் கேட்டது. மாடில்டா ஜன்னல் இடுக்கால் பார்த்தாள். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமியோடு லயத்து முனையில் நின்று கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகா மூக்கு அந்த மனுஷனுக்கு. இந்த வீட்டில் கறி மணக்கிறது, கூரையில் புகையைக் காணோமே என்று கேட்டு, போய்ப் பார்த்துவரும்படி மண்டோரை அனுப்பினார்.

மாடில்டாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டிமேல் சாக்கைப் போட்டு மூடினாள். மூலையில் கிடந்த பழைய விறகை அடுப்பில் திணித்து, உறைந்த ரப்பரான ஒட்டுப்பால் துண்டை வைத்துக் கொளுத்தினாள். குபுகுபுவென்று கரும்புகை எழுந்தது. பிள்ளையை வெளியே அனுப்ப அந்த அவசரத்தில் நினைவே வரவில்லை.

பாயில் படுத்திருந்த மவுரீன் இருமினாள். இருமல் இழுப்பாக மாறியது. எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குத் தவித்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். எந்தப் புகைக்குப் பயந்து மாடில்டா சட்டியை வைத்திருந்தாளோ, அந்தப் புகையைத் தன் கையாலேயே மூட்டிவிட்டாள்.

வாசலில் மண்டோரின் பூட்ஸ் சத்தம். அவள் வாளித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டினாள். சாக்கை இழுத்து எறிந்துவிட்டுப் பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதுதாண்ணே சட்டி," என்றாள். "கரண்டுலதான் வேவுது. வெட்டுறதுனா வெட்டிக்குங்க. இனிமே நான் நெருப்பு மூட்ட மாட்டேன்."

ரெங்கசாமி சட்டியைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது. நனைந்த விறகு இன்னும் புகைந்துகொண்டிருந்தது, தகரக் கூரை இடுக்கு வழியே புகை வெளியேறிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்துவிட்டு, வந்த வழியே போனார்.

"வெறகடுப்புதாங்கய்யா," என்று அவர் கிராணியிடம் சொல்வது உள்ளே கேட்டது. "ஈர வெறகு. அங்க பாருங்க, பொகைய."

கிராணி கூரையைப் பார்த்திருக்க வேண்டும். குரல்கள் அடுத்த லயத்துப் பக்கம் நகர்ந்தன. மாடில்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். சட்டி தப்பிவிட்டது, கறியும் கொதித்துக்கொண்டிருந்தது. மவுரீனின் நெஞ்சு மட்டும் விசிலடிப்பதை நிறுத்தவில்லை.