சும்மாட்டில் வந்த குட்டி

பிடரியில் தொடங்குகிற வலி மத்தியானத்துக்குள் இடுப்புக்கு இறங்கிவிடும். பஞ்சவர்ணத்துக்கு அது பழகிப்போனது. சித்தாளின் கழுத்து சித்தாளுக்குச் சொந்தமில்லை, மேஸ்திரிக்குச் சொந்தம். ஆனால் அன்றைக்கு உச்சந்தலையும் சேர்ந்து குத்தியது. உடைந்த டைல்ஸ் நிறைந்த பாண்டுச் சட்டியைத் தலையில் வைத்து, பாரிவாக்கத்து அடுக்குமாடியின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். படிக்கொரு குத்து. கத்த முடியாது. சும்மாட்டுத் துணியின் நடுக்குழியில், நெல்லிக்காய் அளவில் ஒரு கள்ளிக்குட்டியை ஒளித்து வைத்திருந்தாள்.

சற்று முன் ஸ்வாதி என்கிற பெண்ணின் பால்கனியில் பெயர்த்த டைல்ஸை அள்ளும்போது கிள்ளியது அது. தாய்ச்செடி உருண்டையாக, மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டி, கோழிக்கடியில் குஞ்சுகள் மாதிரி காலடியில் குட்டிகளோடு இருந்தது. ஸ்வாதி உள்ளே கம்ப்யூட்டரில் யாருக்கோ இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். பஞ்சவர்ணம் கேட்கவில்லை. கேட்டு வாங்கிய செடி வேர் பிடிக்காது, திருடி வைத்தால்தான் வரும் என்பது அவளுக்குச் சோறு மாதிரி நிச்சயமான விஷயம். மணி பிளாண்டுக்குச் சொல்வதை அவள் எல்லாச் செடிக்கும் வைத்துக்கொண்டாள்.

ஏரிக்கரையோரம் ஷீட் போட்ட ஒற்றை அறை அவளுடைய வீடு. அதன் பக்கவாட்டுச் சுவரோரம் அவளுடைய கள்ளிகள். பெயின்ட் டப்பா, பைப் துண்டு, உடைந்த வாஷ்பேசின், எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. கட்டடத்தில் மிஞ்சுகிற மணலும் செங்கல் தூளும்தான் மண். வேறெந்தச் செடிக்கும் அந்த மண் சாபம். கள்ளிக்கு அதுதான் விருந்து. முதலில் ஒரு சோற்றுக்கற்றாழை இருந்தது. பிறகு யாரோ வீட்டு கேட்டோரம் ஒடித்த கொத்து, கோயில் வாசலில் கிள்ளிய தடித்த இலை என்று சேர்ந்துகொண்டே போனது.

அன்று சாயங்காலம் குட்டியை ஒரு பெயின்ட் டப்பாவில் ஊன்றியபோது அவள் புருஷன் துலுக்கானம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னாமே, இன்னொரு முள்ளா? நடு ராத்திரில ஒண்ணுக்குப் போனா எனக்குத்தான் ஆபரேசன்."

"நீ ஒழுங்கா நடந்தா அது ஏன்யா உன்னக் குத்துது?"

"ரோஜா வெய்யி, மல்லி வெய்யி. தலைல வச்சிக்கலாம்."

"இதயும் தலைலதான் வச்சிகினு வந்தேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லை. சாப்பிட்டுவிட்டு அவள் அந்தச் சுவர் நிழலிலேயே சாய்ந்துவிடுவாள். ஷீட்டின் சூடும் ஏரிக்காற்றும் கலந்து கண்ணை அழுத்தும். அப்போது செடிகள் மெல்லப் பெரிதாகும். அவள் எறும்பளவாகி அவற்றின் நடுவே நடப்பாள். இரண்டு பக்கமும் பச்சைச் சுவர்கள், வரிவரியாக, மாடி மாடியாக. சாரம் இல்லை. கலவை மெஷின் சத்தம் இல்லை. யாரும் யாருக்கும் கல் எடுத்துக் கொடுக்கவில்லை. கட்டடங்கள் தாமாகவே மூச்சு விடுவதுபோல உயர்ந்துகொண்டிருக்கும். அந்த ஊரில் சித்தாளே கிடையாது. வெள்ளைப் பஞ்சு போர்த்திய உருண்டை மாளிகையின் வாசலில் அவள் உட்காருவாள். கழுத்து லேசாக இருக்கும். துலுக்கானத்தின் குறட்டை எங்கோ தூரத்தில் ரயில் மாதிரி போகும்.

குட்டி வேர் பிடித்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு அதே வீட்டில் ஒழுகல் பார்க்க மேஸ்திரி அவளைக் கூட்டிப் போனார். பால்கனியில் வெள்ளைப் பஞ்சுச் செடி இருந்த தொட்டி காலியாக இருந்தது. ஸ்வாதி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"செடி எங்க மேடம்?"

"அழுகிட்டுக்கா. தீபாவளிக்கு முன்னாடி நான் ஆபீஸ் வேலையா பெங்களூர் போயிருந்தேன். எங்க அத்தை, செடி வாடிக் கெடக்கேன்னு தினமும் அரிசி கழுவுன தண்ணிய ஊத்தியிருக்காங்க. பாசமாத்தான் ஊத்துனாங்க, நான் என்னத்தச் சொல்ல?" அவள் வெறும் மண்ணைக் கிளறினாள். "கோவில்பட்டி காலேஜ் ஹாஸ்டல்ல விதை போட்டு முளைக்க வச்சது. குட்டியெல்லாம் போச்சு. ஒண்ணே ஒண்ணு பொழச்சிருந்தா போதும், மறுபடி கொண்டு வந்துருவேன்."

பஞ்சவர்ணம் பாண்டைக் கீழே வைத்தாள். வாயை மூடிக்கொண்டு போகலாம். திருடி என்று பேர் வந்தால் இந்தக் கட்டடத்தில் இனி வேலை இல்லை. மேஸ்திரி ஹாலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் அந்தக் குட்டி இப்போது எலுமிச்சை அளவு. கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் உட்கார வாசல் இருக்காது.

"மேடம்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "உன் செடியோட குட்டி ஒண்ணு என் ஊட்ல கீது."

"நான் எப்பக்கா குடுத்தேன்?"

"நீ எங்க குடுத்த? நான்தான் களவாண்டுகினு போனேன்."

ஸ்வாதியின் முகம் சுருங்கியது. "கேட்டா நாலு குடுத்திருப்பேனே!"

"குடுத்தா வராது மேடம். திருடுனாத்தான் வரும்."

"இது ஒரு நியாயமா?"

"வந்துதா இல்லியா? நீயே வந்து பாரு."

ஸ்வாதிக்குக் கோபம் தணியவில்லை. ஆனால் மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமே காலித் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிட்டாள். பெயின்ட் டப்பாவுக்கு முன் சேற்றில் அப்படியே உட்கார்ந்தாள். பஞ்சின் மேல் மழைத்துளிகள் உள்ளே இறங்காமல் நின்றன. விரல் நுனியால் தொட்டாள். ஏரி மேல் மேகம் தாழ்ந்து, வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்தது போல ஆகியிருந்தது.

பஞ்சவர்ணம் கொத்துக் கரண்டியை எடுத்து, குட்டியைப் பெயர்க்க டப்பாவின் ஓரத்தில் குத்தினாள். ஸ்வாதி அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாம்க்கா. இந்த ஈரத்துல பேத்தா வேர் அழுகிரும். அதோட எங்க அத்தை இன்னும் ஊருக்குப் போகல. தினமும் அரிசி கழுவுறாங்க."

துலுக்கானம் உள்ளிருந்து சிரித்தான். "எங்க ஊட்ல ரேசன் அரிசி மேடம். கழுவுன தண்ணியிலயே கஞ்சி வச்சிடுவோம்."

ஸ்வாதியும் சிரித்துவிட்டாள். எழுந்து, காலித் தொட்டியைச் சுவரோரம் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். குட்டி போட்டா எனக்கு ஒண்ணு வேணும். நான் திருட மாட்டேன், கேட்டுத்தான் வாங்குவேன்."

"கேட்டு வாங்குனா..."

"வரும்க்கா. நான் வரவைப்பேன்."

பங்குனியில் அந்த உருண்டை பூத்தது. தலையைச் சுற்றி வளையமாக, குங்குமச் சிவப்பில், சட்டைப் பொத்தான் அளவுப் பூக்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்வாதி வந்தாள். இருவரும் சுவர் நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் பஞ்சவர்ணத்தின் கண் சொருகியது. போகும்போது ஸ்வாதி குனிந்து செடியின் அடியைத் தடவிப் பார்த்தாள். குட்டி எதுவும் இல்லை, மொட்டையாகத்தான் இருந்தது.

பஞ்சவர்ணம் ஸ்வாதிக்கு ஒரு கள்ளிக்குட்டி தர வேண்டும். இன்னும் தரவில்லை.