பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்

நான் கண்ணை எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு ஊரே என்னிடம் கேட்ட கேள்வி அதுதான். நிந்தவூர்க் கடற்கரையில், கவிழ்த்துப் போட்டிருந்த தோணியில் சாய்ந்துகொண்டு, என் மகள் அம்ஹா விளையாடிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு பழுதும் இல்லை. தூரத்து வள்ளத்தின் இலக்கத்தையும் வாசிப்பேன்.

அன்று நோன்பு எட்டு. இரவு தராவீஹ் தொழுகையில் நான் குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்பதாம் ஜுஸ்உ ஓத வேண்டும். குர்ஆனை மனனம் செய்த எந்த ஹாபிழுக்கும் அந்த இடத்தின் வில்லங்கம் தெரியும். மூஸா நபியும் சூனியக்காரர்களும் வரும் அந்தச் சம்பவம் வேறோர் அத்தியாயத்திலும் ஏறக்குறைய அதே சொற்களில் வருகிறது. கொஞ்சம் அசந்தால் நாக்கு தடம் மாறி அங்கே போய்விடும். சென்ற வருடம் எனக்கு அப்படிப் போனது, ஒரு தடவையல்ல, மூன்று தடவை. மூன்று தடவையும் பின்னால் நின்ற ஸலாஹுதீன் ஹாபிழ் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தார். அவர் எடுத்துக் கொடுத்த குரலில் இருந்த இனிப்பு ஒரு வருடமாக எனக்குத் தொண்டையில் முள்.

நோன்புக் கஞ்சி அடுப்பில் ஏறியதும் என் மனைவி ஸகியா பிள்ளையை என்னோடு அனுப்பிவிட்டாள். "கடல் அரிச்சு கரையெல்லாம் இடிஞ்சு கிடக்கு. புள்ளையில கண் வெச்சிக்கங்க" என்றாள்.

"ஓம்" என்றேன். சொன்னபடியே கண்ணை வைத்தேன். வாய்க்குள் ஓதினேன்.

அம்ஹாவின் மஞ்சள் சட்டை ஈர மணலில் அங்குமிங்கும் ஓடியது. சூனியக்காரர்களைத் திரட்டச் சொல்லும் வசனம் வந்தது. இரண்டு அத்தியாயத்துக்கும் அங்கே ஒரு சொல்தான் வித்தியாசம். பிடித்தேன். நம்பிக்கையில்லாமல் பின்னால் போய்த் திரும்பவும் வந்தேன். பிடித்தேன். அவர்கள் சனங்களின் கண்களை மயக்கிய வசனத்தைத் தாண்டினேன். நாலைந்து தடவை போய் வந்து, கடைசியில் ஒரு பிசகும் இல்லாமல் அவர்கள் நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழும் இடத்தை எட்டியபோது நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இப்போது வரட்டும் ஸலாஹுதீன் ஹாபிழ் என்று நினைத்தேன்.

அப்போதுதான் கரையில் யாரும் இல்லை என்பது தெரிந்தது. தண்ணீர் விளிம்பில் ஒரு சோடிச் சின்னச் செருப்பு கிடந்தது.

"காக்கா, புள்ள எங்க?"

பத்தடி தள்ளியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த, எனக்கு அண்ணன் போன்ற கலந்தர் காக்கா ஊசியோடு எழுந்து வந்தார். "ஒங்களுக்கு முன்னாலதானே நின்ட."

"எப்ப?"

"இப்பதான். முழங்கால் மட்டும் தண்ணிக்குள்ள இறங்கின. சத்தம் வெக்கத்தான் பாத்தன். ஹாபிழ் பாத்துக்கிட்டுத்தானே இரிக்காரு, ஓதக்குள்ள குழப்பப்படாதெண்டு வலையில குனிஞ்சிட்டன்."

முழங்கால் மட்டும். என் கண்ணுக்கு நேரே. நான் காணவில்லை.

ஜுப்பாவோடு பாய்ந்தேன். இரண்டடியில் கால் நிலை தப்பியது. கலந்தர் காக்காவும், நோன்பு திறக்கும் வரை பொழுதுபோக்க வந்திருந்த சிலரும் இறங்கினார்கள். வறண்ட தொண்டையால் பெயர் சொல்லிக் கத்தினோம். உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனது, நோன்பு என்னவாகும் என்று யோசிக்க எனக்கு மனமில்லை.

"கடைசியா எங்க கண்டீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

சூனியக்காரர்களைத் திரட்டும் வசனத்தில் கண்டேன். அதற்குப் பிறகு வந்த வசனங்கள் எழுத்தெழுத்தாக நினைவிருந்தன. பிள்ளை நினைவில்லை.

தோணியின் மேல் வைத்த போன் அடித்தது. ஸகியாவாகத்தான் இருக்கும். எடுத்து அவளிடம் என்னத்தைக் கதைப்பது? மூச்சைப் பிடித்து முங்கினேன். கையில் மணல்தான் வந்தது. யா அல்லாஹ், இன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் முப்பது தடவை பிழை விடுகிறேன், பிள்ளையைத் தா என்று கெஞ்சினேன். அவ்வளவு பயம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

"வாப்பா, ஏன் உடுப்போட குளிக்கிறீங்க?"

கரையில் அம்ஹா நின்றாள். இரண்டு கையாலும் ஒரு கஞ்சிக் கோப்பையைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால், கடற்கரை வீதியில் குடியிருக்கும் என் மூத்த சகோதரி றம்லா ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவழ்ந்துதான் கரையேறினேன். "எங்க புள்ள போன நீ?"

"மாமிட்ட. ஒங்கக்கிட்ட கேட்டுத்தானே போனன்."

"எப்ப கேட்ட?"

"முன்னால வந்து நின்டு கேட்டன், போகட்டாண்டு. நீங்க தலையாட்டினீங்க. மறுகா சிப்பியெல்லாம் ஒங்கட பக்கட்டுக்குள்ள போட்டுட்டுப் போனன்."

நனைந்த ஜுப்பாப் பக்கட்டுக்குள் கை விட்டேன். அடியில் மூன்று சிப்பிகள் இருந்தன. அவளுடைய கை என் இடுப்பில் உரசித்தான் உள்ளே போயிருக்கும். பிள்ளையைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். கஞ்சி பாதி மணலில் கொட்டியது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மீதிக் கஞ்சியில்தான் நோன்பு திறந்தேன். கலந்தர் காக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"ஒரு சத்தம் வெச்சிருக்கலாம் ஹாபிழ். என்ட பிழைதான்."

"ஒங்கட பிழையில்ல காக்கா. இனி நான் என்னத்த ஓதினாலும் குழப்புங்க."

அன்று தராவீஹில் ஓரிடத்திலும் எனக்குத் தடம் மாறவில்லை. தொழுகை முடிந்ததும் ஸலாஹுதீன் ஹாபிழ் முன்னால் வந்து என் கையைப் பிடித்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார். "ஒங்கட கவனம் ஆருக்கும் வராது."

தலையை மட்டும் ஆட்டினேன்.