அடுப்படி மாநிலம்

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். திருமணமாகி ஐந்து மாதமும் ஆறு நாளும் ஆன மருமகள் முன்னறை மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். அவளை அமரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மேசைமேல் பல்கலைக்கழகக் கடிதம் ஒன்று கிடந்தது. உறையின்மேல் இருந்தது அவள் பெயர். உறையைக் கிழித்தவர் மாமியார்.

கடிதத்தின் சாரம் இது: புள்ளியியல் பட்டப்படிப்பில் இரண்டு தாள்கள் மட்டுமே மீதமுள்ள மாணவி, தம் முகவரியை அடுத்த மாநிலத்துக்கு மாற்றியிருப்பதாகத் தெரியவருகிறது. அங்குள்ளவர்களுக்கு இணையவழி வகுப்பு நடத்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே அங்கிருந்தபடி அவர் பாடம் கேட்கவோ தேர்வு எழுதவோ இயலாது. விளக்கம் இருப்பின் பத்து நாளுக்குள் தெரிவிக்கலாம்; தவறினால் பதிவு நீக்கப்படும்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் மாமியார், கடிதத்தை மடித்தபடி. "கல்யாணம் ஆயிட்டா எல்லாம் மாறத்தான் செய்யும். படிப்பு மட்டும் அப்படியே நிக்குமா?"

முகவரியை மாற்றியவள் மருமகள் அல்லள். திருமணமான மூன்றாம் வாரமே அவளுடைய அட்டைகளையும் சான்றிதழ்களையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு கணவன் போய் வரிசையில் நின்றான். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரையும், பிறந்த வீடு இருந்த இடத்தில் தன் வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மலையைப் புரட்டியவன்போல் வீடு திரும்பினான். அவளை ஒரு வார்த்தை கேட்பது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதே திருமணத்தால் அவனுடைய தாள்களில் ஒரு காற்புள்ளிகூட இடம் பெயரவில்லை. மூன்று ஆண்டுகளாக வேறொரு மாநிலத்தில் வேலை பார்க்கும் கொழுந்தனோ, காகிதப்படி இன்னமும் இதே வீட்டில்தான் குடியிருந்தான்.

"தம்பி முகவரிய மட்டும் ஏன் அத்தை மாத்தல?" என்று கேட்டாள் மருமகள்.

"அவன் ஆம்பளப் புள்ளம்மா. எங்க போனாலும் அவன் வீடு இதுதானே."

"அப்ப எனக்கு?"

"உனக்கும் இதுதான். அதுக்காகத்தானே நாள் முழுக்க வெயில்ல நின்னேன்," என்றான் கணவன், கனிவாக.

அவள் அடுப்படிக்குப் போனாள். ஒரு கையால் கரண்டியைப் பிடித்து, மறு கையால் கைப்பேசியில் பல்கலைக்கழகத்தின் விதித்தொகுப்பைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். பதினோராம் விதியில் கரண்டி நின்றது. வகுப்பு நேரத்தில் மாணவர் உடலளவில் எங்கே இருக்கிறாரோ அதுவே அவருடைய மாநிலம். முகவரிச் சான்று அதற்கு ஒரு துணை மட்டுமே.

அடுப்பை அணைத்துவிட்டு மாமனாரிடம் போனாள். அவர் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் அளவுச் சங்கிலியை இழுத்ததால் ஊரில் சங்கிலியார் என்று பெயர்.

"மாமா, நம்ம அடுப்படி எந்த மாநிலம்?"

சங்கிலியாரின் முகம் மலர்ந்தது. ஓய்வு பெற்ற நாள்முதல் அவர் தொழிலைப் பற்றி அந்த வீட்டில் எவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பக்கத்து மாநிலம்மா, உன் பல்கலைக்கழகம் இருக்கிற அதே மாநிலம். பின்பக்கம் நீட்டிக் கட்டணும்னேன், இந்த ஊர்ல அனுமதி தரமாட்டேன்னுட்டான். விடுவேனா? பின்னால ஒன்பது அடி அகலத்துக்கு இடத்த வாங்கி, அந்த மாநிலத்துல அனுமதி எடுத்துக் கட்டினேன். எல்லைக்கல் உன் அடுப்படி வாசப்படிக்கு அடியிலதான் இருக்கு. தினமும் மிதிச்சுட்டுத்தான் உள்ள போற."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"முத்திரை போட்ட வரைபடமே இருக்கு, நான் வரைஞ்சது. அரை அங்குலம் தப்பா இருந்தா என் பேர மாத்திக்கிறேன்."

"பேர மாத்திக்கிறது எங்க வேலை மாமா. நீங்க வரைபடத்த மட்டும் குடுங்க."

சங்கிலியார் ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து வரைபடத்தை எடுத்தார்.

கடிதம் வந்த ஒன்பதாம் நாள், வரைபடத்தோடு அவள் அனுப்பிய விளக்கத்தின்மேல் பல்கலைக்கழகப் பதிவுப் பிரிவு அதிகாரி காணொளியில் விசாரணை நடத்தினார். மூக்குக் கண்ணாடி அணிந்த, சிரிக்காத ஒரு பெண்மணி. சங்கிலியார் அளவுநாடாவின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு எல்லைக்கல்லைக் காட்டினார்.

"வரைபடம் சரியாத்தான் இருக்கு," என்றார் அதிகாரி. "ஆனா பரீட்சைக்காக மட்டும் போய் அங்க உக்காருவேன்னு சொன்னா ஏத்துக்க முடியாதும்மா. வழக்கமாவே அங்கதான் இருக்கீங்கன்னு வீட்டுப் பெரியவங்க சொல்லணும்."

மருமகள் கைப்பேசியை மாமியார் பக்கம் திருப்பினாள். "அத்தை, நான் வழக்கமா எங்க இருப்பேன்னு கேக்குறாங்க."

மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். விதி, எல்லை, வரைபடம் எதுவும் அவர் காதில் ஏறியிருக்கவில்லை. அயலார் ஒருவர் தம் மருமகளின் நடத்தையை விசாரிக்கிறார் என்பது மட்டும் ஏறியது. மருமகள் முன்னறையில் அமர்கிறாள் என்று சொன்னால் குடும்ப மானம் என்ன ஆவது?

"எங்க வீட்டு மருமகளா? காலையில அஞ்சு மணிக்கு அடுப்படிக்குள்ள போனா, ராத்திரி ஒன்பது மணிக்குத்தாங்க வெளிய வருவா. சாப்பாடுகூட அங்கதான். முன்னறையில அவ உக்காந்து நான் பாத்ததே இல்ல."

"நிச்சயமா சொல்றீங்களா?"

"எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

கணவன் அம்மாவின் முழங்கையை இடித்தான். "அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பேசு."

"என்னத்த யோசிக்க? உள்ளதத்தானே சொல்றேன். நீயே சொல்லு, அவ என்னிக்காவது இங்க வந்து உக்காந்திருக்காளா?"

அவன் யோசித்தான். அவனுக்கும் நினைவு வரவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "விடுதியில இருக்கிற பிள்ளைங்ககூட இவ்வளவு நேரம் எங்க மாநிலத்துல இருக்கிறதில்ல."

மாமியார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, கைப்பேசித் திரையில் கேட்ட இடத்தில் விரலால் கையெழுத்திட்டார்.

மார்ச் முப்பதாம் நாள், திங்கட்கிழமை, ஆணை வந்தது. உறையை மருமகளே பிரித்தாள். மாணவி அனுமதி பெற்ற மாநிலத்தில் இருப்பது மாமியாரின் சான்றால் உறுதியானது, பதிவு தொடரும். வகுப்பு நாள்தோறும் மாலை ஆறு முதல் ஒன்பது வரை. அந்நேரம் மாணவி மேற்படி அறையில் தனியே, கதவைச் சாத்திக்கொண்டு இருத்தல் வேண்டும். பிறர் நுழைவதும் கதவைத் தட்டுவதும் விதிமீறல்.

அன்றே வீட்டிலும் முடிவாயிற்று. சிறிய அடுப்பு ஒன்று முன்னறை மேசைக்கு மாற்றப்பட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி. ஆகவே இரவுச் சமையல் கணவன் பொறுப்பு. காய் நறுக்குவது சங்கிலியார். துண்டுகள் சம அளவில் இருக்கும் என்று அவர் உறுதி கூறினார். உப்பு, மிளகாய், எண்ணெய் எங்கே இருக்கின்றன என்பதைக் கணவன் ஐந்து ஐம்பத்தைந்துக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.