சரிங்க சின்னராஜின் லைசென்ஸ்

இண்டூரில் சின்னராஜிடம் ‘சரிங்க’ வாங்காத ஆள் கிடையாது. ஆடு மாடுகள்கூட வாங்கியிருக்கின்றன. எதிரே வரும் எருமை தலையை ஆட்டினால் போதும், “சரிங்க” என்று வரப்பை விட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று வழிவிடுவான். அவன் வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் ஏழு இருக்கிறது. விற்க வந்தவர்கள் ஏழு பேர், வேறு காரணம் இல்லை. லீவு முடிந்து அவன் ஊரிலிருந்து கிளம்பினால், தெருவே ஆளுக்கொரு மூட்டை கொடுத்தனுப்பும். பஸ்ஸில் மூட்டைகளுக்குச் சீட்டு கிடைக்கும், சின்னராஜ் நின்றுகொண்டு போவான்.

இப்பேர்ப்பட்டவனுக்கு வேலை எங்கே என்றால், கடலோரத்து அணுமின் நிலையம் ஒன்றில். இன்ஜினீயர். அங்கே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அணு உலையை ஓட்ட வேண்டுமானால் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸை வாங்குவதற்குள் மனிதனுக்கு முடி நரைத்துவிடும். முதலில் எழுத்துத் தேர்வுகள். அப்புறம் ஆலை முழுக்க நடந்து காட்ட வேண்டும், எந்த வால்வு எங்கே, அதை மூடினால் என்ன ஆகும் என்று. அப்புறம் நிஜ கண்ட்ரோல் ரூம் போலவே செய்து வைத்த பொய் கண்ட்ரோல் ரூமில் உட்கார வைத்து, விதவிதமாக அலாரம் அடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எல்லாம் தேறினால் கடைசியாகக் கமிட்டி முன்னால் வாய்மொழித் தேர்வு.

சின்னராஜ் எழுத்தில் முதல். நடையில் முதல். பதினோராயிரம் வால்வுகளையும், எது யாருக்குப் பங்காளி, எது யாருக்குச் சம்பந்தி என்பது வரை சொல்லுவான். போன முறை கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்தபோது முதல் நாற்பது கேள்விகளுக்கு அவன் சொன்ன பதிலைக் கேட்டுக் கமிட்டிக்காரர்களே குறிப்பெடுத்துக்கொண்டார்கள் என்று கேள்வி.

நாற்பத்தோராவது கேள்வியில் கவிழ்ந்தான்.

“உலை முழு வேகத்துல ஓடுது. குளிர்விக்கிற தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டுற மீட்டர் மூணுல ரெண்டு கீழே எறங்குது. என்ன செய்வீங்க?” என்று கேட்டார் கமிட்டித் தலைவர். தலை நிறைய வெள்ளை முடி, பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முகம்.

“உடனே உலையை நிறுத்திடுவேங்க சார்.”

“வெளியில கரண்டுக்குத் தவிக்கிறாங்க. மீட்டரே பழுதா இருக்கலாம். எனக்கு முப்பத்தஞ்சு வருஷ அனுபவம், நான் சொல்றேன். ஒரு பத்து நிமிஷம் பொறுத்துப் பார்க்கலாமே?”

தப்பு என்று சின்னராஜுக்குத் தெரியும். உள்ளங்கால் வரைக்கும் தெரியும். ஆனால் வெள்ளை முடி, மரியாதையான குரல், ‘நான் சொல்றேன்’ என்ற சொல். அவன் வாய் அவனைக் கேட்காமலேயே திறந்தது.

“சரிங்க சார்.”

கமிட்டி எழுதிய குறிப்பு இரண்டே வரி. அறிவு மிக நன்று. யார் என்ன சொன்னாலும் ஒத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரலாம். அப்போதும் இதே காரணத்துக்கு விழுந்தால் கண்ட்ரோல் ரூம் பேனல் பக்கம் வரவேண்டாம், ஆபீசில் ஃபைல் பார்க்கலாம்.

எட்டு வருஷமாக அந்தப் பேனலுக்குப் பின்னால் நின்று, லைசென்ஸ் உள்ளவர்களின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தே அவன் கழுத்து ஒரு சாண் நீண்டுவிட்டது. ஃபைல் பார்க்கப் போவதைவிட ஏழு மெஷின் தண்ணீரிலும் விழுந்து சாகலாம் என்று நினைத்தான்.

ஐந்து மாதம் ஓடியது. அவன் மனைவி சுசித்ரா கணக்கு டீச்சர். தன் தம்பி பிரபாகரின் கல்யாணத்துக்கு இண்டூருக்கு வந்து இறங்கிய அன்றே தெரு ஜனத்தையெல்லாம் கூட்டிவிட்டாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. பத்து நாளைக்கு இவரப் பாக்கறவங்க ஏதாச்சும் தப்பா சொல்லணும். இவரு ‘இல்லீங்க’ன்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் வுடக் கூடாது.”

“அவ்ளோதானா கண்ணு?” என்றது தெரு. இத்தனை சுலபமான வேலையை யாரும் அதுவரை இண்டூருக்குக் கொடுத்ததில்லை.

மறுநாள் காலையில் சலூனுக்குப் போனான். “மீசைய எடுத்துட்டா மூஞ்சி நல்லா எடுப்பா இருக்கும், எடுத்துடட்டுங்களா?” என்றார் கடைக்காரர். வீடு திரும்பியவனைப் பார்த்து அவன் மகளே கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில், நெற்றியில் ‘சித்தேரி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்த பஸ்ஸைக் காட்டி, “இண்டூர்தானுங்க, ஏறுங்க ஏறுங்க” என்றார் கண்டக்டர். அந்தக் கண்டக்டர் சுசித்ராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சின்னராஜ் போர்டைப் படித்தான். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தான். ஏறி உட்கார்ந்தான். மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில், “இண்டூர்ல மலை இல்லீங்களே” என்று முனகினான். “யாரு கிட்ட சொன்னீங்க?” என்றாள் சுசித்ரா, மறுநாள் மதியம் அவன் இரண்டு மூட்டைச் சாமையோடும் ஒரு பலாப்பழத்தோடும் வந்து இறங்கியபோது.

“ஜன்னல் கிட்ட.”

“அதுக்கு மார்க் கெடையாது. மூட்டை எதுக்கு?”

“கீழ போறவருதானேன்னு குடுத்தாங்க.”

இந்தக் கூத்தையெல்லாம் ஒரு ஆள் மட்டும் கண்டுகொள்ளவில்லை. அவன் மாமனார் அர்ச்சுனன். அவர் இண்டூரில் இருமினால் தர்மபுரியில் ஆட்டோக்கள் ஓரம் கட்டும். அவரிடம் ‘இல்லீங்க’ என்று சொன்ன மனிதன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் பேச்சு வரும் வயசு வரை இருந்ததில்லை. “என் மாப்ள ஒருத்தருதான் மரியாதை தெரிஞ்சவரு. அதுக்குப் போய் ஃபெயில் போட்டானுங்களாம். அது என்ன ஆபீசு?” என்று கேட்டுவிட்டுக் கல்யாண வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கல்யாண நாளும் வந்தது. பெண் வீட்டார் பொம்மிடிக்காரர்கள். எட்டு பஸ்ஸில் வந்திருந்தார்கள். அத்தனை பேரும் முந்தின நாளிலிருந்தே பட்டினி கிடந்து வந்தவர்கள் மாதிரி, தாலி ஏறும்போதே சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் தலையைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

மண்டபத்துச் சமையல்கட்டில் ஆளுயரத்துக்கு ஒரு பாய்லர். கீழே கேஸ் அடுப்பு சீறும். உள்ளே தண்ணீர் கொதித்து, நீராவி குழாய் வழியாகப் போய் நான்கு பெரிய அண்டாக்களில் சோற்றை வேகவைக்கும். பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில் தெரியும்.

“மாப்ள, சோறு என்னாச்சுன்னு பாருங்க, மொதப் பந்தி ஒக்காந்துட்டாங்க” என்று அர்ச்சுனன் அனுப்ப, சின்னராஜ் சமையல்கட்டுக்குள் போனான். கண்ணாடிக் குழாயைப் பார்த்தான்.

காலி. பளபளவென்று, சுத்தமாக, ஒரு சொட்டு இல்லாமல் காலி.

அடுப்பு முழு வேகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

“ராஜப்பண்ணே, இதுல தண்ணி எங்க?”

சமையல்காரர் ராஜப்பன் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “காலையில பத்து கொடம் ஊத்துனேனுங்க. அது எங்க போவும்?”

“கண்ணாடியில காட்டலீங்களே.”

“கண்ணாடி கெடக்குது, வுடுங்க.”

பின்னாலேயே அர்ச்சுனன் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். “அரிசி முக்கா வேக்காடு வந்துருச்சு. இன்னும் பத்து நிமிஷம். அப்பறம் நிறுத்திக்கலாம். நான் சொல்றேன், வாங்க மாப்ள.”

பத்து நிமிஷம். நான் சொல்றேன். சின்னராஜுக்கு ஒரு கணம் மாமனாரின் தலையில் முடி வெள்ளை வெள்ளையாகப் பூப்பது போல இருந்தது. வாய் ‘ச’ என்று குவிந்தது. பாய்லரைப் பார்த்தான். அதைச் சுற்றி அப்பளம் பொரிக்கும் பெண்கள் எட்டுப் பேர், காய் நறுக்குகிறவர்கள் நான்கு பேர், சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு பேர்.

“இல்லீங்க மாமா.”

சமையல்கட்டு நின்றது. சட்டியில் வடைகூடத் திரும்பவில்லை.

“என்னா சொன்னீங்க?”

“இல்லீங்க மாமா. அணைச்சிடணும்.” சொல்லிக்கொண்டே குனிந்து கேஸை மூடினான். சீறிக்கொண்டிருந்த அடுப்பு அடங்கியது. யாரோ பதறிப் போய் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். “தண்ணி ஊத்தலாங்களா?”

“இல்லீங்க! உள்ள காஞ்சி கெடந்தா, பச்சைத் தண்ணி பட்டதும் வெடிச்சிடும். யாரும் தொடாதீங்க. எல்லாரும் வெளிய வாங்க.”

வாசலில் நின்ற சுசித்ரா கைதட்டிவிட்டாள். “எங்கப்பா கிட்டயே சொல்லிட்டீங்க! பாஸ்!”

“சுசி, இது பரிச்சை இல்ல” என்றான் சின்னராஜ்.

பாய்லர் ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் பொம்மிடிக்காரர்கள் இலையில் வைத்த உப்பு, ஊறுகாய், வடை, பாயசம், பழம் அத்தனையையும் முடித்து, இலையையும் மடித்து வாயில் போடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பிறகுதான் சின்னராஜ் பாய்லருக்குப் பக்கத்தில் போனான். மேல் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

உள்ளே முக்கால் பாய்லர் தண்ணீர், அவன் முகத்தைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது.

கண்ணாடிக் குழாய்க்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சின்னத் திருகுகள். இரண்டும் இறுக மூடியிருந்தன. ராஜப்பன் தலையைச் சொறிந்தார். “சம்பந்தி வூட்டுக்காரங்க வந்து பாத்தா அழகா இருக்கணுமேன்னு நேத்து கண்ணாடியக் கழட்டிப் புளி போட்டுத் தேச்சேனுங்க. மாட்டுனேன். அந்தத் திருகத் தொறக்க மறந்துட்டேன் போலிருக்குது.”

சிரிப்பு சமையல்கட்டில் ஆரம்பித்து, பந்தியைத் தாண்டி, பஸ் ஏறிப் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போனது. சாயந்தரத்துக்குள் அது ‘பாய்லர் நின்ன கல்யாணம்’ என்று பெயர் வாங்கிவிட்டது. அர்ச்சுனன் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாமல் இருப்பதை அவர் அவ்வளவு சத்தமாகச் செய்தார்.

சின்னராஜ் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தான்.

“வாழ்க்கையில ஒரு தடவ ‘இல்லீங்க’ சொன்னேன். அதுவும் தப்பாப் போச்சு” என்றான்.

சுசித்ரா பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒண்ணு கேக்கறேன். அடுப்ப அணைச்சப்ப உள்ள தண்ணி இருந்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“ராஜப்பண்ணனுக்குத் தெரியுமா?”

“அவருக்கும் தெரியாது. இருக்கும்னு நெனச்சாரு.”

“அப்பறம் என்ன தப்பு?”

சின்னராஜ் எழுந்து, சமையல்கட்டுக்குப் போய், ராஜப்பனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கினான்.

அடுத்த மாதம் கமிட்டி. அதே அறை, அதே வெள்ளை முடி. மீசை பாதி முளைத்த முகத்தோடு சின்னராஜ் உட்கார்ந்தான். நாற்பது கேள்விகள் போயின. தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“மீட்டர் எறங்குது. நான் பத்து நிமிஷம் பொறுக்கலாங்கறேன்.”

“இல்லீங்க சார். நிறுத்திடுவேன்.”

“நிறுத்திட்டீங்க. ஊரெல்லாம் இருட்டு. அப்பறம் பார்த்தா தண்ணி நெறைய இருக்கு, மீட்டர்தான் பழுது. எல்லாரும் ஒங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அடுத்த மாசம் மறுபடியும் அதே மீட்டர் எறங்குது. இப்பவாச்சும் பத்து நிமிஷம் பொறுப்பீங்களா?”

போன முறை இந்தக் கேள்வி வந்திருந்தால் சின்னராஜ் நாற்காலியோடு ‘சரிங்க’ என்று சாய்ந்திருப்பான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இல்லீங்க சார். சிரிச்சாங்க சார், ஐந்நூறு பேரு. நான் பாத்திருக்கேன்.” கல்யாணக் கதையைச் சொன்னான். புளி போட்டுத் தேய்த்த இடத்தில் கமிட்டியில் ஒருவருக்குப் புரை ஏறியது. “உள்ள தண்ணி இருந்துச்சுன்னு அப்பறமாத்தான் சார் தெரிஞ்சது. அணைக்கறப்ப தெரியாது. தெரியாதப்ப அணைக்கறதுதான் சார் என் வேலை. நாளைக்கும் அணைப்பேன்.”

“கண்ணாடியைத் தேய்ச்ச ஆளை என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலீங்க சார். தேய்க்கட்டும். தேய்ச்சு மாட்டினதும் ரெண்டு திருகையும் தொறந்துட்டு ஒருத்தர் கையெழுத்து, அத இன்னொருத்தர் பாத்துட்டு ஒரு கையெழுத்துன்னு சமையல்கட்டுல நோட்டு வெச்சிருக்கோம்.”

தலைவர் ரொம்ப நேரம் எழுதினார். பிறகு கேட்டார், “சாப்பாடு கெடைச்சுதா, இல்லையா?”

“மூணு மணிக்குக் கெடைச்சுதுங்க சார். ரொம்ப ருசியா இருந்துச்சுன்னு சொன்னாங்க.”

லைசென்ஸ் வந்தது. சுசித்ரா ஊருக்குச் சொல்ல, இண்டூர் வெடித்த வெடியில் சித்தேரி மலையில் இரண்டு பாறை இடம் பெயர்ந்ததாகச் சொல்கிறார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு காலை, சின்னராஜின் போன் அடித்தது. அர்ச்சுனன். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

“மாப்ள, பாஸாமே?”

“ஆமாங்க மாமா.”

“அந்த ஆபீசருங்க கிட்ட நம்ம பாய்லர் கதையச் சொன்னீங்களாம். அன்னிக்கு நான் சொன்னதுதான் சரி, நீங்க அணைச்சது தப்புன்னு ஒத்துக்கிட்டீங்களா?”

“இல்லீங்க மாமா.”

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம், யாரோ சோறு சோறு என்று கூப்பிடும் சத்தம், ராஜப்பன் எதற்கோ சாமிமேல் சத்தியம் செய்யும் சத்தம்.

“எங்கிருந்து பேசறீங்க மாமா?”

“மண்டபத்துலதான். பச்சியப்பன் வூட்டுக் கல்யாணம். அந்த நோட்டுல ரெண்டாவது கையெழுத்து இப்ப நான்தான் போடறேன், வேற எவனையும் நம்ப முடியல. திருகு ரெண்டும் தொறந்துதான் இருக்குது. கண்ணாடியில தண்ணி கால்வாசிகூடக் காட்டல. ராஜப்பன் பத்து நிமிஷம் பாக்கலாங்கறான்.”

சின்னராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். “நீங்க என்ன சொன்னீங்க மாமா?”

“என்னத்தச் சொல்றது? அணைச்சுட்டுத்தான் போன் போட்டேன்” என்றார் அர்ச்சுனன். “சரி வெச்சுடறேன். சோறு வரலன்னு பந்தியில எல தூக்கிட்டு எந்திரிக்கறானுங்க.”