நாற்பத்தேழு எடுத்த நால்வர்

ஸக்கியா கட்டுகஸ்தோட்டைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தாள். 1936இல் கண்டியில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு தொடங்கப்போகிறார்கள் என்றதும் பரீட்சை எழுதினாள். நூற்றிருபது பேர் எழுதினார்கள். எடுத்த புள்ளி எத்தனையானாலும் சரி, சதமானம் தொண்ணூறுக்குக் குறையாதவர்களுக்கே நேர்முகம் என்பது விதி.

நேர்முக நாள் காலையில் எல்லோருடைய புள்ளிகளும் கல்விக் கந்தோர்ச் சுவரில் தொங்கின. அவளுக்கு நாற்பத்தேழு. அழைக்கப்பட்ட ஒன்பது பேரில் அவள் பெயர் இல்லை.

"நூத்துக்கு நாப்பத்தேழுதானே," என்றான் கணவன் முனாப். "வாங்க, ஊட்டுக்குப் போவம்."

"கொஞ்சம் ஈங்க. எத்தன எடுத்தோம்டு இல்ல, எத்தன பேரத் தாண்டினோம்டுதான் சதமானம்."

பட்டியலில் விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தேழுக்குக் கீழே நூற்றேழு பேர். நூற்றிருபதில் நூற்றேழு, நூற்றுக்கு எண்பத்தொன்பது சொச்சம். அவளுடைய முகம் வாடியது. பக்கத்தில் தொங்கிய அறிவித்தலை மறுபடி வாசித்தாள். திடீரென்று முனாப்பின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரே புள்ளி எடுத்தவங்கள்ல பாதிப் பேரையும் கீழ சேக்கணும்டு போட்டீக்கிது! நாப்பத்தேழு எடுத்தவங்க என்னோட நாலு பேர். பாதி ரெண்டு. நூத்தொம்பது!"

கடதாசித் துண்டில் வகுத்தாள். தொண்ணூறு தசம் எட்டு.

கந்தோருக்குள் ஓடினாள். எழுதுவினைஞர் யாழ்ப்பாணத்தவர். முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு விதியை வாசித்தார், தானும் வகுத்துப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"ஓம் ரீச்சர், பிழை என்னிலதான். அந்தப் பாதியை நான் சேர்க்கேல்லை. ஒன்பது மணிக்கு உங்களைக் கூப்பிடுவினம்."

"அப்ப மத்த மூணு பேர்?"

அவர் பெயர்களைப் பார்த்தார். இரண்டு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். மூன்றாமவர் பன்வில தோட்டப் பள்ளிக்கூடத்து வீரையா. சற்றுமுன்தான் தலை குனிந்தபடி வெளியேறியிருந்தார்.

ஸக்கியா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வீதியில் ஓட, பின்னால் முனாப் ஓடினான். பன்வில பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"வீரையா மாஸ்டர்! எறங்குங்க!"

வெள்ளை வேட்டி கட்டிய மனிதர் சன்னலால் எட்டிப் பார்த்தார். "என்னங்க டீச்சர்? நான்தான் தேறலையே!"

"தேறிட்டீங்க! நாம நாலு பேரும் தேறிட்டோம்!"

நகரத் தொடங்கிய பஸ்ஸிலிருந்து அவர் குதித்தே விட்டார். "நெசமாவா? கணக்கு சரிதானுங்களே?"

"ரெண்டு தரம் பாத்தாச்சு!"

மூவரும் மூச்சிரைக்கத் திரும்பியபோது மணி ஒன்பதாக ஐந்து நிமிடமிருந்தது. நேர்முகத்தில் அவளிடம், சதமானம் தொண்ணூறு என்றால் என்னவென்று கேட்டார்கள். ஸக்கியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரும்பலகைக்குப் போய், நூற்றிருபது பேரையும் வரிசையில் நிறுத்தி விளக்கினாள்.

மாதக் கடைசியில் பத்துப் பேரைத் தெரிவு செய்தார்கள். அவர்களில் ஸக்கியாவும் வீரையாவும் இருந்தார்கள்.