மத்தியானம் மட்டும் படுத்துவிடும் டிஸ்க்

அந்த ஹார்டு டிஸ்க் என் மேசைக்கு வந்தபோது அதன்மேல் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஐஸ்பெட்டியில் வைத்தால் செத்த டிஸ்க் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ ஒரு மச்சான் சொல்லியிருக்கிறார். மெரெசெய்னியும் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மீன் துண்டுகளுக்கு நடுவில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, எங்கள் தீவில் லம்பாசா சந்தையிலிருந்து நேராக என் கடைக்குக் கொண்டுவந்திருந்தாள். வெளியே எடுத்ததும் டிஸ்க்குக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த மச்சான் என் கையில் கிடைத்திருந்தால் அவரை அதே பெட்டியில் உட்கார வைத்திருப்பேன்.

மெரெசெய்னி சந்தையில் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பால் மீனும் பொட்டலம் கட்டி விற்பவள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. என்னைவிட மூத்தவளாக இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய மகன் எமோரி ரக்பி விளையாடுகிறவன். ஏழு வயதிலிருந்து அவன் ஆடிய ஒரு போட்டியைக்கூட அவள் விட்டதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேமராவில் பிடித்து இந்த டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தாள். டிவிக்கு மேலே இருந்த டிஸ்க்கைப் பூனை தள்ளிவிட்டது.

இப்போது பிரான்ஸில் ஒரு கிளப் அவனைக் கேட்கிறது. வட்டார இறுதிப் போட்டியில் அவன் எப்படி ஆடினான் என்று முழு ஆட்டத்தையும் பார்க்க வேண்டுமாம். அந்தப் போட்டிக்கு டிவிக்காரர்கள் வரவில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது இவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் அவர்கள் வேறொரு பையனைப் பார்த்துக்கொள்வார்கள்.

"அவன் போயிட்டான்னா நான் சந்தைல உக்கார வேண்டாம் அக்கா. ஆனா அதுக்காக இல்ல. அவன் போகணும். அவனுக்காகத்தான்" என்றாள்.

டிஸ்க்கை நன்றாக உலரவிட்டு வேலையை ஆரம்பித்தேன். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எந்த வீடியோவையும் நேராகத் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பதை அப்படியே இன்னொரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். படிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து கெஞ்ச வேண்டும். படித்த இடம் திரையில் பச்சையாகத் தெரியும், படிக்காத இடம் சிவப்பாகத் தெரியும்.

காலையில் சமர்த்தாகப் படித்தது. பச்சை மளமளவென்று ஏறியது. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் டிக், டிக், டிக். சிவப்புக்கு மேல் சிவப்பு. சூடுதான் காரணம் என்று நினைத்து மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். மறுநாள் காலையில் பச்சை, மத்தியானம் சிவப்பு. சர்க்கரை ஆலை ஓடுகிற மாசம், கரண்டு ஏறி இறங்குகிறது என்று நினைத்துப் பேட்டரிப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அதே கதை. ஒயரை மாற்றினேன், மேசையை மாற்றினேன். வெறுத்துப் போய் புதன்கிழமை மத்தியானம் எதையுமே தொடாமல் விட்டேன். அன்றைக்குப் பார்த்து சாயங்காலம் வரை ஒரு சத்தமும் இல்லாமல் படித்தது. வியாழக்கிழமை மத்தியானம் மறுபடியும் படுத்துவிட்டது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் நேரம் பார்த்து நோய்வாய்ப்படுகிற டிஸ்க்கை நான் கண்டதில்லை.

நகல் வந்த வரைக்கும் வீடியோக்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டியிருந்தது. அடுத்தவர் வீட்டுப் பேச்சு நமக்கெதற்கு என்று சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அதைப் பார்த்து இன்னும் குழம்பினேன். ரக்பி என்கிறார்கள், பந்தையே காணோம். எல்லோரும் மைதானத்தின் அந்த மூலையில் புரண்டுகொண்டிருக்கும்போது கேமரா இந்த மூலையில் சும்மா நிற்கும் எமோரியையே காட்டுகிறது. அவன் காலுறையை இழுத்துவிடுகிறான், மூக்கைத் துடைக்கிறான். பந்து அவனிடம் வந்தால்தான் நமக்கும் வரும். கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்துவிட்டு எழுந்திருப்பான். மற்றப் பையன்கள் மேலே விழுந்து கட்டிக்கொள்வார்கள். அவன் சிரிக்க மாட்டான், நேராகக் கேமராவைப் பார்ப்பான். எட்டு வயதிலும் அதே பார்வை, பதினாறிலும் அதே பார்வை. எதையோ கேட்கிற மாதிரி இருக்கும். என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டிஸ்க் சுற்றவே மறுத்தது. தட்டித் தடவி, சாமியையும் கூப்பிட்டு, பல தடவை முயன்ற பிறகுதான் எழுந்தது. இனிமேல் நிறுத்தினால் அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. மற்ற எல்லாம் நகலாகிவிட்டது. பாக்கி இருந்தது இறுதிப் போட்டி மட்டும். அது இருந்த பகுதிக்குப் போய்ச் சேருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மெரெசெய்னி கடையைப் பாதியில் கட்டிவிட்டு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எமோரி எங்கே என்று கேட்டேன். பயிற்சிக்குப் போயிருக்கிறானாம், ரெண்டு வாரமாக மத்தியானம் ஆனால் தவறாமல் போய்விடுகிறானாம்.

டிக், டிக் என்று ஆரம்பித்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். கழற்றிய திருகாணிகளைப் போட்டு வைத்த சின்னத் தட்டு பக்கத்தில் இருந்தது. திருகாணிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு துள்ளல், ஒரு டிக். ஒரு துள்ளல், ஒரு டிக்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. பல வருஷமாகக் கேட்கிற சத்தம், அதனாலேயே காதில் விழாத சத்தம். பக்கத்துக் கடை இலைதியாவுடையது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை இரும்பு உரலில் போட்டு உலக்கையால் இடித்துப் பொடியாக்கி விற்கிறார். மத்தியானம் ஆனால் இடி ஆரம்பித்துவிடும். இரண்டு கடைக்கும் அடியில் ஒரே பலகைத் தரை. புதன்கிழமை யாரோ உறவுக்காரர் சாவுக்குப் போய்விட்டதால் கடை மூடியிருந்தது. ஒரு வாரமாகக் கரண்டையும் வெயிலையும் திட்டிக்கொண்டிருந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டிஸ்க்குக்கு அடியில் தலையணையைச் செருகிப் பார்த்தேன். டிக் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

இந்த ஊரில் வெறுங்கையோடு போய் ஒன்றைக் கேட்க முடியாது. யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை முன்னால் வைத்துத்தான் கேட்க வேண்டும். அவசரத்துக்கு அது கிடைக்கிற இடம் இலைதியாவின் கடைதான். அவர் கடையிலேயே ஒரு கட்டு வாங்கி, நாலடி நடந்து, பாயில் உட்கார்ந்திருந்த அவர் முன்னாலேயே வைத்தேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டு, வழக்கப்படி கைகளைக் குழித்து மெதுவாகக் கைதட்டினார். கூட இருந்த பெரியவர்களும் தட்டினார்கள். சாயங்காலம் வரைக்கும் இடிக்க வேண்டாம், ஒரு பையனின் வாழ்க்கை என் மேசையில் ஊசலாடுகிறது என்றேன்.

"கேக்கறது நியாயம்தான் தங்கச்சி. இடி நின்னுடும். ஆனா நீ வச்சதைக் குடிக்காம எப்படி சரின்னு சொல்றது? குடிக்கணும்னா இடிக்கணுமே" என்றார் இலைதியா.

நான் திருதிருவென்று முழித்தேன். இடிக்காதே என்று கேட்பதற்காக நான் கொடுத்ததையே பின்கட்டில் போட்டு இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் என் மேசையில் ஒரு டிக் விழுந்திருக்கும். பொடி வந்தது, மரத்தொட்டியில் தண்ணீரில் கரைத்தார்கள், தேங்காய்ச் சிரட்டையில் எனக்கு நீட்டினார்கள். கசப்பை மடமடவென்று விழுங்கிவிட்டுக் கை தட்டினேன். நிறுத்துகிறோம் என்று பிறகுதான் வாக்குக் கொடுத்தார்கள்.

பொடியைக் கொண்டுவந்து வைத்த பையனை நிமிர்ந்து பார்த்தேன். கேமராவைப் பார்க்கிற அதே கண். பின்கட்டுக்குத் திரும்பியவனின் பின்னாலேயே போனேன்.

"நீ எமோரிதானே? உங்கம்மா என் கடைலதான் உக்காந்திருக்கா."

"தெரியும் ஆன்ட்டி. வந்ததைப் பாத்தேன். நான் இங்க இருக்கேன்னு சொல்லிடாதீங்க."

கூலி வேலை செய்கிறான், அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள் என்று மறைக்கிறான்போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கிருந்த அவசரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

"நீ இடிக்கிற இடிதான்டா உன் வீடியோவ முழுங்கிக்கிட்டிருக்கு. உலக்கைய வச்சுட்டு சும்மா உக்காரு. சாயங்காலத்துக்குள்ள வந்துடும், உன் பிரான்ஸும் வந்துடும்."

"சத்தம் இல்லைன்னா கண்டிப்பா வந்துடுமா?"

"கண்டிப்பா."

அவன் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பி வந்தேன். டிக் நின்றிருந்தது. சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. மெரெசெய்னி திரையைப் பார்த்துக்கொண்டே தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். இன்னும் கொஞ்சம்தான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டங் என்றது.

முன்னைவிடப் பலமாக, இரும்பில் இரும்பு படுகிற சத்தம். திருகாணிகள் தட்டைவிட்டே வெளியே குதித்தன. டங், டங், டங். திரை சிவப்பானது. கொடுத்த வாக்கு இவ்வளவுதானா என்று கத்திக்கொண்டே ஓடினேன். இலைதியா பாயில் சிரட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தான் யாரையும் இடிக்கச் சொல்லவில்லையே என்று அவரும் குழம்பிப் போய்ப் பின்கட்டைப் பார்த்தார்.

பின்கட்டில் எமோரி தனியாக நின்று இடித்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. நான் உரலுக்குள் எட்டிப் பார்த்தேன். வேர் இல்லை, பொடியும் இல்லை. வெறும் உரலை இடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பின்னால் மூச்சு வாங்கியது. மெரெசெய்னி வந்து நின்றாள். இலைதியாவைத் திட்டித் தீர்ப்பதற்காகத்தான் வந்திருக்க வேண்டும். மகனைப் பார்த்தாள், உலக்கையைப் பார்த்தாள். குனிந்து உரலுக்குள் விரலை விட்டுத் தடவினாள். விரல் சுத்தமாக வெளியே வந்தது. அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

எமோரி உலக்கையைக் கீழே போட்டான்.

"ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாடியும் நான் வாந்தி எடுப்பேம்மா. சின்னதுலேருந்தே. ஷெட்டுக்குப் பின்னாடி. அது உன் வீடியோல வராது."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ கேமராவப் பிடிச்சுக்கிட்டு நின்ன."

அவள் உரலின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அழுவாள் அல்லது அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. நான் இருக்கலாமா போகலாமா என்று தெரியாமல் உலக்கையைத் தூக்கிச் சுவரில் சாத்தினேன். கடைசியில் அவள் என்னிடம் திரும்பி, டிஸ்க் இன்னும் சுற்றுகிறதா என்று கேட்டாள். சுற்றும் என்றேன்.

"எடுங்க அக்கா. அனுப்பறதுக்கு இல்ல. எனக்குப் பாக்கணும்."

அன்றைக்கு அதற்குப் பிறகு இலைதியா கடையில் ஒரு வேர்கூட இடிபடவில்லை. வெயில் இறங்குவதற்குள் கடைசிச் சிவப்பும் பச்சையானது. நடுவில் மெரெசெய்னியின் போன் அடித்தது. பிரான்ஸ் கிளப்புக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட்டாக இருக்கும். அவள் எடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். எமோரி வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

இறுதிப் போட்டியைப் போட்டேன். இந்தத் தடவை சத்தத்தோடு போடச் சொன்னாள். எமோரி ஓடினான், மூன்று பேரை ஏமாற்றிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். பையன்கள் அவன் மேல் விழுந்தார்கள். எழுந்தான். சேறு அப்பிய முகத்தோடு நேராக எங்களைப் பார்த்தான். ஒரு வாரமாக எனக்கு விளங்காத அந்தப் பார்வை.

கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து, தொண்டை கிழிய, மெரெசெய்னியின் குரல் கேட்டது.

"இன்னொண்ணு! இன்னொண்ணுடா!"

திரையில் அவன் தலையைக் குனிந்துகொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி நடந்தான். வாசற்படியில் இருந்தவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தத்தைக் குறைங்க அக்கா" என்றாள் மெரெசெய்னி. குறைத்தேன்.