பின்னால் வருகிறவர்களுக்கு

நாளெல்லாம் பைக்கில் போய்ப் பார்சல் கொடுக்கும் வேலையில் இருப்பவளுக்குக் கட்டைவிரல் சும்மா இருக்குமா? விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் கழற்றிய பந்தய பைக்கிலும், சனிக்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொரு வளைவிலும் அது, இல்லாத இண்டிகேட்டர் சுவிட்சைத் தேடியது. வண்டியை நிறுத்தியதும் கணவனிடம் அதைச் சொல்லித் தொலைத்தாள்.

"யாருக்குடி சிக்னல்? உனக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா இல்ல."

"நாளைக்குப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை, புதியவர்களுக்கான ஆரஞ்சு அங்கியோடு கடைசி வரிசையிலிருந்து கிளம்பினாள். சந்துபொந்தெல்லாம் புகுந்து பழகியவளுக்கு இரண்டு பைக்குகளுக்கு நடுவே கிடைத்த இடம் ராஜவீதி. பந்தயம் முடிந்தபோது அவளுக்கு முன்னால் மூன்றே பேர்.

ஹெல்மெட்டை வாங்கிக்கொண்ட கணவனுக்கு வாய் அரித்தது. "இன்னைக்கும் விரல் சுவிட்சைத் தேடுச்சா?"

"தேடுச்சு. பின்னாடி அத்தனை பேர் வந்தாங்களே."